ஆணியில் தொங்கிய ரோந்து

போன வாரம் டீக்கடையில் உங்கள் போலீஸ் தம்பி ஒருத்தர் எனக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். வேலைக்கு வந்து ஆறு மாதம் இருக்கும். ரிட்டயர்டு கிழவனுக்கு இந்தக் காலத்தில் யார் சல்யூட் வைக்கிறார்கள் என்று நானும் பூரித்துப்போய் வடை வாங்கிக் கொடுத்தேன். வடையைத் தின்றுகொண்டே தம்பி பெருமையாகச் சொன்னார்.

“ஒங்க காலம் மாதிரி இல்லங்கய்யா இப்ப. பாயிண்ட்டுக்குப் பாயிண்ட் க்யூ.ஆர். ஸ்டிக்கர் ஒட்டிருக்கு. ரோந்து போறவங்க போன்ல ஸ்கேன் பண்ணணும். நாங்க என்ன பண்ணோம், ஆறு ஸ்டிக்கரையும் போட்டோ புடிச்சு, பிரிண்ட் போட்டு, ஸ்டேஷன் செவுத்துலயே ஒட்டிட்டோம். ஒக்காந்த எடத்துலயே ஆறு பாயிண்ட்டும் முடிஞ்சுரும்.”

“நீங்க எங்கிட்டு நிக்கிறீங்கன்னு போன் காட்டிக் கொடுத்துராதா?”

“அதுக்கும் ஒரு ஆப் இருக்குங்கய்யா.”

நான் சிரித்துவிட்டேன். ராத்திரி வீட்டில் சோற்றில் கை வைத்தால் இறங்கவில்லை. தம்பிகளே, தங்கச்சிகளே, இதை நீங்கள்தான் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டு திரிகிறீர்கள். அடப் போங்கய்யா. உங்களுக்கு முன்னாலேயே அதைக் கண்டுபிடித்து, அதற்குப் பாராட்டுச் சான்றிதழும் வாங்கி வைத்திருக்கிறவன் நான். அந்தக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். அறிவுரை பிடிக்காதென்றால் கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆலங்குடிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். அங்கே நான் ஏட்டு, அதிலும் ரைட்டர். ஸ்டேஷனில் உள்ள அத்தனை காகிதமும் என் கையால்தான் பிறக்கும், என் கையால்தான் சாகும். பலகையில் எழுதியிருந்த பலம் முப்பத்திரண்டு பேர். காலை ஆஜரில் வந்து நிற்பது ஒன்பது பேர். மீதி எங்கே என்று கேட்கிறீர்களா? கோர்ட்டுக்கு இரண்டு பேர். சம்மன் கொடுக்க ஒருத்தர். பெரிய அதிகாரி வீட்டில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்ச ஒருத்தர். அவர் போலீஸ் வேலைக்கு வந்ததையே மறந்துபோய்த் தேங்காய் விலை பேசிக்கொண்டிருப்பார். பதினைந்து பேர் வேறு வேறு ஆபீஸ்களில் மாற்றுப் பணி. இன்னும் நாலு பேரை நான் பார்த்ததே இல்லை, சம்பளப் பட்டியலில்தான் பழக்கம்.

இதில் தை மாதம் வந்துவிட்டால் தீர்ந்தது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். நம் மாவட்டத்தில் வாடிவாசல்தான் பிறக்கும். ஊருக்கு ஊர் ஜல்லிக்கட்டு, ஊருக்கு ஊர் பந்தோபஸ்து. வைகாசி வரைக்கும் ஓயாது. மாட்டைப் பாதுகாக்க ஆள் உண்டு, மாடுபிடிக்கிறவனைப் பாதுகாக்க ஆள் உண்டு, வேடிக்கை பார்க்கிறவனைப் பாதுகாக்கவும் ஆள் உண்டு. மார்க்கெட் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பிள்ளைகளைப் பாதுகாக்க மட்டும் ஆள் கிடையாது.

அந்த பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு சின்னப் பாலம். சாயங்காலமானால் அதன் கட்டையில் ஐந்தாறு பயல்கள் வந்து உட்காருவார்கள். ரவுடி என்று சொன்னால் ரவுடிகளுக்குக் கேவலம். அப்பன் வெளிநாட்டில் வெயிலில் காய்ந்து அனுப்புகிற காசில் பைக் வாங்கி, சைலன்சரைக் கழற்றிவிட்டு, பக்கத்து ஒயின்ஷாப் பாட்டிலைத் தண்ணீர்க் குழாயடியில் உடைத்துவிட்டு, பஸ்ஸிலிருந்து இறங்குகிற பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வைக்கிற வீரர்கள். எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று யோசிப்பதற்குள் எழுந்து போய்விடுவார்கள். புகார் கொடுக்க யாரும் வரமாட்டார்கள். எல்லாப் பயலும் யாருக்காவது பங்காளி, யாருக்காவது மாப்பிள்ளை முறை. அப்புறம் யார் வந்து எழுதிக் கொடுப்பது?

இப்போது பட்டா புத்தகத்துக்கு வருகிறேன். உங்கள் ஸ்டிக்கருக்கு அதுதான் பாட்டன். ஒவ்வொரு பாயிண்ட்டிலும் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்போம். ரோந்து போகிறவர் அங்கே போய், நேரம் எழுதி, நிலைமை எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும். எங்களுக்கு ஆறு பாயிண்ட், ஆறு நோட்டு. ஒன்பது பேரை வைத்துக்கொண்டு ஆறு இடத்துக்கும் ஆள் அனுப்ப முடியவில்லை. கட்டங்கள் காலியாகக் கிடந்தன. காலிக் கட்டத்தைப் பார்த்தால் இன்ஸ்பெக்டருக்கு ரத்தக் கொதிப்பு வரும். அவர் கத்துவார், ஸ்டேஷன் பையன்கள் முகம் செத்துப்போகும். இரண்டு நாள் தூங்காமல் பந்தோபஸ்து முடித்து வந்தவனிடம் “ஏன் பாயிண்ட் போகலை?” என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

அப்போதுதான் இந்தப் பெரிய மூளை வேலை செய்தது. ஆறு நோட்டையும் அவிழ்த்துக்கொண்டு வந்து, என் மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் வரிசையாக ஆறு ஆணி அடித்து மாட்டிவிட்டேன். காலை ஆஜர் முடிந்ததும் அவரவர் கையெழுத்தை அன்றைய நாள் முழுவதுக்கும் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஆளில்லாத பாயிண்ட்டுக்கு நானே போட்டுவிடுவேன். நிலைமை என்கிற இடத்தில் எழுத ஒரு வாக்கியமும் நானே தயாரித்துக் கொடுத்தேன். ‘பொதுமக்கள் நடமாட்டம் இயல்பு. சந்தேகத்திற்கிடமான நபர்கள் எவரும் இல்லை. அமைதி நிலவுகிறது.’ ஒரு மாதத்தில் எங்கள் எல்லை சொர்க்கமாகிவிட்டது, நோட்டில்.

எல்லோரும் என்னைத் தெய்வமாகக் கும்பிட்டார்கள். ஒருத்தர் மட்டும் கும்பிடவில்லை. ஸ்டேஷனில் அப்போது இருந்த ஒரே பெண் போலீஸ். பெயரைச் சொன்னால் இப்போதும் போனில் கூப்பிட்டுத் திட்டுவார், அதனால் சொல்லவில்லை. ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏட்டய்யா, போகலைன்னா போகலைன்னு விடுங்க. போனதா எழுதுனா, ஆளு பத்தலைன்னு நாளைக்கு யாருகிட்டப் போய்ச் சொல்லுவீங்க?”

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது, போம்மா” என்றேன். என்னைவிடப் பதினைந்து வருடம் சர்வீஸ் குறைவு, எனக்கு வந்து பாடம் எடுக்கிறாளா என்று கோபம். அந்தக் கோபத்தை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

மாசி மாதம் ஒரு நாள் மதியம், மார்க்கெட் ஸ்டாப்பில் பூக்கட்டி விற்கிற வளர்மதி ஸ்டேஷனுக்கு வந்தார். புருஷன் சவூதியில். மூத்த மகள் புதுக்கோட்டைக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். தினமும் ஐந்தே முக்கால் பஸ்ஸில் வந்து இறங்குவாள். பாலத்துப் பயல்கள் அவளைக் குறிவைத்திருந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவது, குறுக்கே பைக்கை விடுவது, போனில் படம் எடுப்பது. விஷயம் புருஷனின் அண்ணன் காதுக்கு எட்டிவிட்டது. “இன்னும் ஒரு தடவை ஏதாச்சும் நடந்துச்சு, காலேஜும் வேணாம் ஒண்ணும் வேணாம், பேசாம ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துருவோம்” என்று அவர் சொல்லிவிட்டாராம்.

“கேசெல்லாம் வேணாங்கய்யா. கேசு போட்டா எம்மக பேரும்ல ஊரெல்லாம் அடிபடும். ஒரே ஒரு ஆளு, அந்த பஸ்ஸு வந்துட்டுப் போற வரைக்கும் அங்கன நின்னாப் போதும். அவ பரிச்சை முடியட்டும். மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்.”

கேட்டது இவ்வளவுதான். ஒரு ஆள், அரை மணி நேரம். நான் என்ன செய்தேன் தெரியுமா? நாற்காலியில் சாய்ந்தேன். ஆணியிலிருந்து மார்க்கெட் பாயிண்ட் நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தேன்.

“இந்தாம்மா பாருங்க. தினமும் சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு எங்காளு அங்க வந்துட்டுத்தான் போறாரு. சும்மா பயப்படாதீங்க.”

அந்த அம்மா நோட்டைப் பார்த்தார். எட்டாவது வரை படித்தவர். நிதானமாக விரல் வைத்துப் பார்த்தார்.

“நான் மத்தியானத்துலருந்து பொழுது சாயிற வரைக்கும் அங்கனதானங்கய்யா ஒக்காந்துருக்கேன். எங்கண்ணுக்கு ஒருத்தரும் தட்டுப்படலயே.”

“பூக்கட்டுற மும்முரத்துல கவனிச்சிருக்க மாட்டீங்க.”

“அப்படித்தான் போல” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் உறுத்தியது. ஆள் கேட்டு ஒரு கடிதம் தயாரித்தேன். ஐந்து பேர் கூடுதலாக வேண்டும், மார்க்கெட் பகுதியில் தொந்தரவு அதிகம், பெண்கள் நடமாட முடியவில்லை என்று உருக்கமாக எழுதி, இன்ஸ்பெக்டரோடு நானும் டி.எஸ்.பி. ஆபீஸ் போனேன். டி.எஸ்.பி. கடிதத்தைப் படித்தார். பிறகு ரிக்கார்டுகளைக் கேட்டார். ஆறு நோட்டையும் நான்தான் கட்டித் தூக்கிக்கொண்டு போயிருந்தேன், மடையன்.

“என்னய்யா இது, தொந்தரவு அதிகம்னு எழுதிருக்கீங்க. ரெண்டு மாசமா ஒரு பாயிண்ட்கூட விடல. ஒரு சம்பவம் இல்ல. அமைதி நிலவுகிறதுன்னு ஒங்காளுகளே எழுதிருக்காங்க. ஒன்பது பேரை வச்சே இவ்வளவு சிறப்பாப் பாக்குறீங்க, அப்புறம் எதுக்கு ஆளு?”

இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேலையில் உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். துப்பாக்கி, கலவரம், துரத்தல் என்று சினிமாவில் காட்டுகிற நிமிடம் இல்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும், மேஜையில் டீ ஆறிக்கொண்டிருக்கும், மேலதிகாரி நல்ல மூடில் இருப்பார். ‘ஐயா, இது பொய். யாரும் போகவில்லை. போக ஆளில்லை’ என்று நான் சொல்லியிருந்தால் எனக்கு மெமோ, அதிகம் போனால் சஸ்பெண்ட். வாயைத் திறந்தேன். “நன்றிங்கய்யா” என்று சொன்னேன்.

அடுத்த வாரம் இரண்டு உத்தரவு வந்தது. ஒன்று, பட்டா புத்தகங்களைச் சீரிய முறையில் பராமரித்தமைக்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழ். இன்னொன்று, எங்கள் ஸ்டேஷனில் நிலைமை நன்றாக இருப்பதால் இரண்டு பேரைத் தொந்தரவு உள்ள வேறு ஸ்டேஷனுக்கு அனுப்பச் சொல்லி. ஐந்து பேர் கேட்கப் போய் இரண்டு பேரைக் கொடுத்துவிட்டு வந்தோம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் புரிந்தது. போன இரண்டு பேரில் ஒருத்தர் அந்தப் பெண் போலீஸ். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது சான்றிதழை வாங்கிப் பார்த்தார்.

“ஃப்ரேம் போட்டு இதையும் ஒரு ஆணியில மாட்டுங்க ஏட்டய்யா.”

அவர் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வளர்மதி மறுபடியும் வந்தார். அழவில்லை, கத்தவில்லை. தலையெல்லாம் கலைந்திருந்தது. அன்றைக்கு மகள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பயல்கள் பைக்கைக் குறுக்கே நிறுத்தி, பையைப் பிடுங்கி, காலேஜ் ரிக்கார்டு நோட்டைச் சாக்கடையில் வீசியிருக்கிறார்கள். அவள் அழுததை வீடியோ எடுத்து, அங்கிருந்தே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். பெரியப்பன் போனுக்கு அது வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

நான் பதறி எழுந்தேன். புகார் எழுதப் பேப்பரை எடுத்தேன். அவர் பேப்பரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

“அய்யா, அந்த நோட்டைக் கொஞ்சம் எடுங்க.”

“அது எதுக்கும்மா இப்ப?”

“எடுங்கய்யா.”

எடுத்துக் கொடுத்தேன். அன்றைய தேதியில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தார். “அஞ்சு நாப்பத்தஞ்சு. பொதுமக்கள் நடமாட்டம் இயல்பு. சந்தேகத்திற்கிடமான நபர்கள் எவரும் இல்லை. அமைதி நிலவுகிறது.” வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இன்னிக்கு யாருய்யா கையெழுத்து?”

அன்றைக்கு அந்தப் பாயிண்ட்காரர் ஜல்லிக்கட்டுப் பந்தோபஸ்தில் இருந்தார். காலை ஒன்பது மணிக்கு, இட்லி தின்ற கையோடு நான்தான் போட்டிருந்தேன்.

“என்னோடதும்மா” என்றேன்.

அவர் நோட்டை மூடி மேஜைமேல் வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அதற்குப் பிறகு எல்லாம் பிரமாதமாக நடந்தது. ஒரு மணி நேரத்தில் அத்தனை பயலையும் தூக்கிக்கொண்டு வந்தோம். அதற்கு மட்டும் ஆள் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். எல்லாம் முடிந்த பிறகு வேகமாக ஓடுவதற்கு நம் துறையில் எப்போதும் ஆள் இருக்கும். வீடியோவை அழிக்க வைத்தோம். கேஸ் போட்டோம். பயல்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்கள். பாலத்துக் கட்டையில் இருந்த வீரம் பெஞ்சில் காணோம். ஆனால் அந்தப் பெண் திங்கட்கிழமை பஸ் ஏறவில்லை. வைகாசியில் கல்யாணம். பத்திரிகை எங்களுக்கு வரவில்லை. வர வேண்டிய நியாயமும் இல்லை.

அந்த வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை, ஆறு நோட்டையும் கொண்டுபோய் அந்தந்த இடத்திலேயே கட்டினேன். சாயங்காலம் ஐந்தரைக்கு மார்க்கெட் ஸ்டாப்பில் நானே போய் நின்றேன். தொப்பையும் முட்டிவலியும் உள்ள கிழட்டு ஏட்டு, கையில் ஒரு லத்திகூட இல்லை. பஸ் வந்து போகிற வரை நின்றேன். அடுத்த நாளும் நின்றேன். பிடிபட்ட பயல்களுடைய கூட்டாளிகள் முதல் நாள் முறைத்தார்கள், இரண்டாம் நாள் பைக்கைத் தள்ளி நிறுத்தினார்கள். ஒரே வாரம். பாலத்துக் கட்டை காலி. இவ்வளவுதானா! தனிப்படை வேண்டாம், கேமரா வேண்டாம், விழிப்புணர்வுப் பேரணி வேண்டாம். யூனிஃபார்ம் போட்ட ஒரு ஆள் அரை மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. அதற்குத்தான் ஒரு பிள்ளையின் படிப்பு போனது.

வளர்மதி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எட்டாம் நாள் பூவைக் கட்டிக்கொண்டே கேட்டார். “இப்ப யாருக்குய்யா வந்து நிக்கிறீங்க?” தொப்பியைச் சரிசெய்துகொண்டு பஸ் வருகிற திசையைப் பார்த்தேன்.

நான் மார்க்கெட்டில் நின்றால் மற்ற ஐந்து பாயிண்ட்டுக்கு ஆள் போகவில்லை. போகாத கட்டங்களைக் காலியாகவே விட்டேன். நிலைமைக் கட்டத்தில் ‘ஆள் இல்லை, செல்லவில்லை’ என்று எழுதினேன். இன்ஸ்பெக்டர் குதித்தார். மெமோ வந்தது, பட்டா புத்தகங்களைச் சரிவரப் பராமரிக்கத் தவறியமைக்கு விளக்கம் கேட்டு. பொய் எழுதினதற்குச் சான்றிதழ், உண்மை எழுதினதற்கு மெமோ. இரண்டையும் ஒரே ஃபைலில் வைத்திருக்கிறேன், வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன். ஆனால் இரண்டு மாதம் காலிக் கட்டங்களாகப் பார்த்துப் பார்த்து மேலே யாருக்கோ கூச்சம் வந்துவிட்டது. அனுப்பிய இருவரையும் திருப்பி அனுப்பினார்கள், தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சினவரும் கூடவே வந்தார். என் உருக்கமான கடிதம் வாங்கித் தராத ஆளை அந்த வெறும் கட்டங்கள் வாங்கித் தந்தன. பெண் போலீஸ் திரும்பி வந்ததும் முதலில் பார்த்தது சுவரைத்தான். ஆறு ஆணியும் அப்படியே இருந்தன. குறடு எடுத்துவந்து அவரே பிடுங்கினார். என்னைப் பிடுங்க விட்டிருந்தால் சுவரே பெயர்ந்திருக்கும் என்றார்.

ஆள் பற்றாக்குறை பொய் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கும் ஒன்பது பேர்தான் நிற்பார்கள், எனக்குத் தெரியும். இல்லாத ஆளை இருக்கிறதாகக் காட்டுகிற வரை உங்களுக்கு யாரும் ஆள் தரப்போவதில்லை. உங்கள் போன் தினமும் ஆறு பாயிண்ட்டும் பச்சை என்று மேலே சொல்கிறது. மேலே இருப்பவர் பச்சையைப் பார்த்துவிட்டு ஏ.சி.யைக் கூட்டி வைக்கிறார். வடை தின்ற தம்பி, நீங்கள் சாமர்த்தியசாலி இல்லை. நான் செய்த முட்டாள்தனத்தை இன்னும் கொஞ்சம் வேகமாகச் செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

டீக்கடையிலிருந்து அன்றைக்கு நான் நேரே மார்க்கெட் ஸ்டாப்புக்குத்தான் போனேன். வளர்மதி அதே இடத்தில் இருக்கிறார், முடி நரைத்துவிட்டது. அவருக்குப் பின்னால் உள்ள போஸ்ட் கம்பத்தில்தான் உங்கள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஓரம் கிழிந்து, பாதியில் சுண்ணாம்பு தடவிக் கிடக்கிறது. எதிரே பாலத்துக் கட்டையில் மூன்று பைக். வேறு பயல்கள்.

“ஒங்காளுக வந்து ஒட்டிட்டுப் போனாங்கய்யா. அது என்னய்யா, கட்டம் கட்டமா?” என்று கேட்டார்.

“ரோந்து வாரவங்க போன்ல அதைப் படம் புடிக்கணும்மா. பழைய நோட்டுக்குப் பதிலா இது.”

“அப்புடியா” என்றார். பூவை ஒரு முழம் அளந்து, நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். பாலத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சின்னவ இந்த வருசம் காலேஜு சேந்துருக்காய்யா. அதே பஸ்ஸுதான்.” கம்பத்து ஸ்டிக்கரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “இன்னிக்கு யாருய்யா கையெழுத்து?”

மணி ஐந்து இருபது. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, பஸ் வரும் வரை அங்கேயே நின்றேன்.